'பை' கடை வரிசையில் டெரிக்

தார்ன்கிளிஃப் ஊரில் டெரிக் ஹேவொர்த் வாயைத் திறந்தால்தான் விடிந்ததாகக் கணக்கு. இருபது வருடமாகப் பள்ளத்தாக்கு வானொலியில் அவன்தான் ஊரை எழுப்பினான். எந்தச் சாலையில் பனி உறைந்து கிடக்கிறது, எந்தப் பள்ளிக்கூடம் இன்று திறக்காது, யாருடைய நாய் தொலைந்தது, எல்லாம் அவன் சொல்லித்தான் தெரியும். மேதாவி ஒன்றும் இல்லை. அவனுடைய நகைச்சுவைக்குக் கோழிகூடச் சிரிக்காது. ஆனாலும் நாம் எழும்போது அவனும் விழித்திருக்கிறான், நம் சன்னலில் அடிக்கிற மழைதான் அவன் சன்னலிலும் அடிக்கிறது என்று ஊர் நம்பியது. அவனுக்கென்று இருந்த சொத்து அந்த நம்பிக்கை ஒன்றுதான்.

அந்த வருடம் ஜனவரியில் லண்டன்காரர்கள் வந்து நிலையத்தை வாங்கினார்கள். வசந்தத்தில் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு, எந்த ஊருக்கும் ஒட்டாத ஒரு பெயரை மாட்டினார்கள். கோடையில் மற்ற அறிவிப்பாளர்களையெல்லாம் கேக் வெட்டி அனுப்பிவைத்தார்கள். கழுத்தை அறுக்கிற அன்றைக்குக் கேக்கையும் வெட்டுவது அந்தக் கூட்டத்தின் வழக்கம். டெரிக்கை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

டோபி என்று ஒரு மேலாளர், மீசை முளைத்தும் முளைக்காத பையன், அவனைக் கூப்பிட்டுச் சொன்னான்: "இனிமே நம்ம கம்பெனி நடத்துற ஆறு ஊருக்கும் நீங்கதான் காலைக் குரல், டெரிக். ஆனா விடியக்காலைல வர வேண்டாம். முந்தின நாள் மத்தியானமே பேசிப் பதிஞ்சிட்டுப் போயிடுங்க. மத்ததை மெஷின் பாத்துக்கும்."

"வெளியில மழையா வெயிலான்னு எப்படிச் சொல்றது?"

"மழைன்னே சொல்லுங்க. லங்காஷயர்தானே, இங்க என்னிக்குத்தான் பெய்யல?"

மானமுள்ளவன் தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்திருப்பான். டெரிக் தலையை ஆட்டினான். "இங்க தார்ன்கிளிஃப்ல மழை சன்னலைத் தட்டுது" என்பான். எச்சிலை விழுங்கிவிட்டு அடுத்த ஊர்ப் பெயரைப் போட்டு அதையே சொல்வான். ஒரே மழையை ஆறு ஊருக்கும் பங்கு வைத்தான்.

வெட்கம் கொஞ்சம் மிச்சம் இருந்ததால், காலையில் தன் குரல் ஓடி முடிகிறவரை திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே பதுங்கிக் கிடந்தான். வெளியே தலை காட்டுவது பத்து மணிக்கு மேல்தான்.

அக்டோபரில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு வீட்டில் பால் இல்லை, ரொட்டியும் இல்லை. மனைவி ஷீலாவைப் போகச் சொன்னான்.

"உன் குரல் அங்க வேலை பாக்குதுல்ல, கால் சும்மாதானே இருக்கு? நீயே போ" என்றாள் அவள். சலித்துப்போயிருந்தாள்.

போனான். பால், ரொட்டியோடு, மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை'யும் விற்கிற லின்னுடைய கடையில் வரிசை வாசல்வரை நின்றது. கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கடைசியில் சேர்ந்துகொண்டான். வெளியே பளீரென்று வெயில். அடுப்புக்கு மேல் பலகையில் இருந்த ரேடியோவில் அவனே பேசினான்: "மழை சன்னலைத் தட்டுது. ஸ்டுடியோவுல உட்காந்திருக்கேன், கையில சூடா டீ."

யாரும் திரும்பவில்லை. அந்த ஊர்க்காரர்கள் முதுகாலேயே பேசிவிடுவார்கள். அவனுக்குப் பின்னால் வந்து நின்ற பஸ் ஓட்டுநர் ஃப்ராங்க் மட்டும் மெதுவாகச் சொன்னான்: "டீ ஆறிடப் போகுது, டெரிக்."

கடை குலுங்கிச் சிரித்தது. டெரிக்கும் இளித்தான். சிரிப்போடு போயிருந்தால் பிழைத்திருப்பான். ரேடியோ விடவில்லை.

"எட்னா க்ரேஷாவுக்கு இன்னிக்குத் தொண்ணூத்தொம்பது வயசு. எட்னா கண்ணு, கெட்டிலை அடுப்புல வைங்க, இதோ வந்துட்டே இருக்கேன்." கொஞ்சம் இடைவெளி விட்டு, கொஞ்சலாக: "என்ன, சத்தத்தையே காணோம்? தூங்கிட்டீங்களா?"

வரிசையில் அவனுக்கு முன்னால் நின்ற பெண் திரும்பினாள். எட்னாவின் மகள் மொரீன். அந்த வாழ்த்தைச் சொல்லும்படி நிலையத்தில் கேட்டுவைத்திருந்தவளே அவள்தான்.

"அம்மா நேத்து சாயங்காலம் போயிட்டாங்க, டெரிக்" என்றாள். "வாழ்த்து வேண்டாம்னு சொல்ல ராத்திரியெல்லாம் ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். மணி அடிச்சிட்டே இருந்துச்சு. எடுக்க ஆள் இல்ல."

டெரிக் காலரை இன்னும் மேலே இழுத்துக்கொண்டான். பலகை மேல் இருந்த குரல் மட்டும் கூச்சமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது. இழவு வீட்டுக்கு வந்திருக்கும் தம்பிகளுக்காக மொரீன் இறைச்சிப் 'பை'களை வாங்கிக்கொண்டு போனாள். அடுத்தது டெரிக்கின் முறை.

லின் அவனைத் தாண்டிப் பார்த்தாள். "உனக்கு என்ன வேணும், ஃப்ராங்க்?"

வரிசையை மீறுவதைக் கொலைக்கு அடுத்த பாவமாக நினைக்கிற ஊர் அது. ஃப்ராங்க் ஒரு கணம் தயங்கினான். பிறகு டெரிக்கைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனான். அவனுக்குப் பின்னால் நின்ற பெண்ணும் போனாள். டெரிக் பால் வாங்காமல் வீடு திரும்பினான்.

அன்று மத்தியானமே டோபியிடம் போய், அதே சம்பளத்துக்கு இனிமேல் விடியற்காலையில் நேரில் வந்து பேசுவதாகக் கெஞ்சினான்.

"ஆறு ஊருல ஒரே நேரத்துல எப்படி நேர்ல இருப்பீங்க?" என்றான் டோபி. வேலையை உதற டெரிக் துணியவில்லை. உட்கார்ந்து மறுநாளைய மழையைப் பதிந்துவிட்டுத்தான் வந்தான்.

எட்னாவின் அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் எல்லோரும் தேநீருக்கு உட்கார்ந்திருந்தபோது வாசலில் வந்து நின்றான். யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. மொரீன்தான் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வந்தாச்சில்ல, உட்காருங்க. ஹாம் சாண்ட்விச் இருக்கு, சாப்பிடுங்க. ஆனா இங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது."

உட்கார்ந்தான். எதிரே இருந்த ஃப்ராங்க் குனிந்து கேட்டான்: "இது நீதானா, இல்ல நேத்தே பதிஞ்சு வெச்சதா?"

டெரிக் வாயைத் திறந்தான். மொரீன் தேநீர்க் கெண்டியோடு நின்று அவனையே பார்த்தாள். திறந்த வாயில் சாண்ட்விச்சை வைத்துக்கொண்டான்.