செல்வமணியின் ஜீப்பும் அலவத்துகொட பொக்ஸும்

வண்டி போடும் சத்தத்தை ஒருவர் தன் வாயாலேயே போட்டுக் காட்டும்போது சிரிக்காமல் நிற்பதுதான் கராஜ் தொழிலின் முதல் பாடம். கெலிஓயாவில் நான் இந்தப் பாடத்தைப் படித்துத் தேறியவன். அதே சோதனையை அன்றாடம் எழுதும் என் சக மெக்கானிக் பாஸ்மாருக்காக, ஒரே ஒரு ஜீப் வேலையில் நடந்தவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முழங்கால் முட்டு

செல்வமணி ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருந்து ஜீப் ஓட்டுகிற பெண். அந்தக் கல் ரோட்டில் பஸ்ஸும் ஏறாது, ஆட்டோவும் ஏறாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், மூட்டை முடிச்சு, நோயாளி எல்லாவற்றுக்கும் அவள் ஜீப்தான். ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்து நின்று, "கர்ர்ர்… டொக்! கர்ர்ர்… டொக்!" என்றாள். நான் சிரிக்கவில்லை.

லோ கியரில் இறங்கும்போது லிவர் தானாகக் கழன்று விடுகிறதாம். அது கழன்றால் இன்ஜின் பிடி விட்டுப்போய், வண்டி தன் பாட்டில் ஓடத் தொடங்கும். அப்படியென்றால் இத்தனை நாள் எப்படி இறங்கினாய் என்று கேட்டேன். இடது முழங்காலால் லிவருக்கு முட்டுக் கொடுத்தபடியே மலை முழுக்க இறங்கியிருக்கிறாள். இருபது வருடமாக ஜீப்புகளுக்கு அடியில் படுத்துக் கிடப்பவன் நான், இப்படியொரு பிரேக்கைக் கண்டதில்லை. அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "ஏறும்போது சாமிய கும்பிட்டுக்குவேன்ணே, எறங்கும்போது முழங்கால நம்பிக்குவேன்."

மினுங்கிய ஒயில்

ட்ரான்ஸ்பர் பொக்ஸ் என்பது கியர் பொக்ஸுக்குப் பின்னால் இருந்துகொண்டு, இன்ஜினின் பலத்தை முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் பங்கு வைக்கிற பெட்டி. அதன் அடி நட்டைக் கழற்றினேன். ஒயில் மினுமினுவென்று இறங்கியது. அத்தனையும் இரும்புத் தூள். உள்ளே செயின் தொய்ந்துபோய், கூட்டின் சுவரையே தேய்த்திருந்தது. பெயாரிங் உட்காரும் இடமும் அகன்றுவிட்டது. செயினை மட்டும் மாற்றிப் பிரயோசனமில்லை, முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டும் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலைக்குள் முடியுமா என்று கேட்டாள். மேல் டிவிஷனில் சேவியர் மாஸ்டர் என்று ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. செவ்வாயும் வெள்ளியும் கண்டி ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும், ஒரு முறையும் தவறக் கூடாது. அன்றைய முறைக்கு எப்படியோ கொண்டுபோய்க் கொண்டுவந்து விட்டுவிட்டாள், அடுத்தது வெள்ளி. பெட்டி கிடைத்தால் முடியும் என்றேன். அவள் விரலில் ஒட்டிய தூளை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பாவம்ணே, மாவா அரைஞ்சுகிட்டே எங்கள ஏத்தி எறக்கியிருக்கு" என்றாள்.

பக்கம் மாறிய பெட்டி

பழைய சாமான் வியாபாரம் செய்கிற நவாஸ் நானாவுக்கு, அலவத்துகொடைக்கு போனில் கோல் எடுத்தேன். மறுநாள் காலையிலேயே ஒரு பெட்டியோடு வந்துவிட்டார். நல்ல பெட்டிதான். ஆனால் முன் சில்லுக்குப் போகிற ஷாஃப்ட் எங்களுக்கு வலப்பக்கம், அதில் இடப்பக்கம். தலைகீழாக வைத்தாலும் பொருந்தாது. நானா தலையைச் சொறிந்தார். வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னேன். உடனே பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கோபமாக்கும் என்று நினைத்தேன்.

பின்னேரம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பின் சீட்டில், பயணி மாதிரி, சாக்குப் போர்த்திய ஒரு பெட்டி. பக்கத்தில் கையெல்லாம் கிரீஸோடு நானா. பெட்டி சரியான பக்கம், சரியான அளவு, இன்னும் சூடு ஆறாத ஒயில் வாசம். எங்கே பிடித்தீர்கள் என்றேன். அவருடைய சொந்த ஜீப்பில் இருந்து கழற்றியிருக்கிறார். "என்ட ஜீப் முத்தத்துல நிண்டா பொண்டாட்டி மட்டும்தான் ஏசுவா, யோகன். அந்த ஜீப் நிண்டா ஒரு மனுசன்ட உசிரெல்லவா நிக்கிது" என்றார்.

நெஞ்சில் ஒரு பாரம்

கழற்றுவது யாருக்கும் முடியும், மாட்டுவதுதான் வேலை என்பது உங்களுக்குத் தெரியாததா? வியாழக்கிழமை மழை. பெட்டியைத் தூக்கிப் பிடித்த ஜக் ஈரத்தில் வழுக்கியது. பக்கத்து வெல்டிங் கடை ரோஹண ஓடிவந்து, ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்து, பெட்டியை நெஞ்சில் வாங்கிக்கொண்டார். ஷாஃப்ட்டின் பல்லோடு பெட்டியின் பல் சேரவே இல்லை. நான் தள்ள, அவர் தூக்க, பெட்டி முரண்டு பிடித்தது.

செல்வமணி செருப்பைக் கழற்றிவிட்டு எங்களுக்கு நடுவில் நுழைந்தாள். பெட்டியின் பின்பக்கத்து ஃபிளாஞ்ச் தட்டை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல மெல்லத் திருப்பினாள். திடீரென்று 'சளக்' என்று உள்ளே போனது. அந்தச் சத்தத்துக்கு ஈடான சங்கீதம் இருந்தால் சொல்லுங்கள். போல்ட் பூட்டி முடிகிறவரை ரோஹண அசையவில்லை. பெட்டியில் மிச்சமிருந்த ஒயில் அவர் சேர்ட்டெல்லாம் சொட்டியது. சிரித்துக்கொண்டே, சிங்களவரான அவர் தன் தமிழில் சொன்னார்: "என் மகளும் சின்னப் பிள்ளையில இப்படித்தான் நெஞ்சில படுத்தா, பாஸ். ஆனா அவ வடிச்சது ஒயில் இல்ல."

இறங்கிப் பழகியவர்கள்

சாயந்தரம் தோட்டத்து ஆட்களோடு மேல் டிவிஷனுக்கு நானும் கூடவே ஏறினேன். பூட்டியவன் ஏறாமல் அடுத்தவரை ஏற்றிப் பார்ப்பது மரியாதை இல்லை. கோயிலடி வளைவு வந்ததும், சொல்லாமலே எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ஜீப் அதில் ஏறாமல் திணறிய பல மாதப் பழக்கம். செல்வமணி லோவில் போட்டாள். ஜீப் ஒரு முனகல்கூட இல்லாமல் வளைவைத் தாண்டி, நிற்க இடமில்லாமல் உச்சி வரைக்கும் போய்த்தான் நின்றது. மற்றவர்கள் பையும் குடையுமாகப் பின்னால் ஓடிவந்தார்கள். கொழுந்துக்காரி மாரியாயி அக்கா கடைசியாக வந்து, பானட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "வண்டி நல்லாயிருச்சு தம்பி. இனி நாங்கதான் ஒங்க கராஜுக்கு வரணும்."

பின் சீட்டில்

அன்றிரவு அங்கேயே தங்கினேன். வெள்ளி விடிகாலை. பனிமூட்டம். சேவியர் மாஸ்டர் பின் சீட்டில் ஏறி, கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நான் முன்னால் இருந்து லிவரையே பார்த்தபடி வந்தேன். அது அசையவில்லை. ஜீப் ஒரே சீராக, பிரேக்கைத் தொடாமலே இறங்கியது. பாதி மலையில் செல்வமணி கண்ணாடியைப் பார்த்தாள். மாஸ்டரின் கை கம்பியை விட்டிருந்தது, தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"மாஸ்டர்!" என்றாள். தலை நிமிரவில்லை. ஜீப்பை நிறுத்திவிட்டுப் பின்னால் ஓடினோம். அவள் அவர் கன்னத்தைத் தட்டினாள், நான் மணிக்கட்டைத் தேடினேன். அவசரத்தில் நாடி யாருடையது என்றே தெரியவில்லை. மாஸ்டர் மெல்லக் கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் முறைத்தார். "என்ன செல்வமணி, இன்னைக்குத்தான் குலுக்காம கொண்டு போற. ஒரு மனுசன தூங்கவும் விடமாட்டியா?"

நல்லபடி பூட்டினால் வாடிக்கையாளர் தூங்கிவிடுகிறார், மோசமாகப் பூட்டினால் நம்மைத் தூங்கவிடமாட்டார், இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கராஜ்காரன் பிழைப்பு ஓடுகிறது.