கானில் இறங்கிய குட்டிக் கார்

போன வாரம் மகளோடு பசறை ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு வேன் ஹார்ன் அடித்தது. நீளமான, அதிகாரமான ஹார்ன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் இடது கால் ரோட்டை விட்டு இறங்கிக் கானைத் தேடியது. ரோட்டோரத்து வடிகாலைத்தான் நாங்கள் கான் என்போம். ஆனால் அங்கே கான் இல்லை. கொங்கிறீட் பலகை போட்டு மூடியிருந்தார்கள். அதன்மேல் ஒருவர் றம்புட்டான் பழத்தைக் குவித்து வைத்திருந்தார். நான் நேராகக் குவியலில் கால் வைத்துவிட்டேன்.

"என்னாப்பா, இம்புட்டு அகலமான ரோட்டுல பழத்து மேலயா ஏறுவீங்க?" என்றாள் மகள்.

"மிதிச்சதெல்லாம் ஐயாவோடதுதான்" என்று வியாபாரி சிரித்தபடியே பையை எடுத்தார்.

பழத்தை உரித்துக்கொண்டே வந்த மகளுக்கு நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். தேயிலைத் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போவதற்கு முந்திய வருடங்களில், தோட்டத்தை ஆண்ட தொரையின் கார் வந்தால் தோட்டத்து ஆட்களான நாங்கள் ரோட்டில் நிற்கக் கூடாது. குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும், தலையில் துண்டிருந்தால் எடுக்க வேண்டும், சைக்கிளில் வந்தால் இறங்க வேண்டும். கானுக்குள் இறங்கி, கார் புழுதி கிளப்பிக்கொண்டு போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தொரை ஒரு விரலை ஸ்டியரிங்கிலிருந்து தூக்குவார். எங்கள் வணக்கத்துக்கு அதுதான் பதில். இதற்கெல்லாம் எழுதி ஒட்டிய சட்டம் கிடையாது. சட்டமாக இருந்தால் வாசித்துப் பார்த்து எதிர்த்துப் பேசியிருப்பேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் ஆள் நான்தானே. இது காலுக்குள் இருந்தது. கால் பள்ளிக்கூடம் போகவில்லை.

அந்த வேனின் பெற்றோல் புகை மூக்கில் ஏறியதும் நளீமின் குட்டிக் கார் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டே கதவு. பின் சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்தால் முழங்கால் தாடையை முட்டும். உள்ளே எப்போதும் பெற்றோலும் புதுத்துணியும் கலந்த வாசனை. நளீமின் வாப்பாவுக்குப் பதுளை பஜாரில் துணிக்கடை. கடைக்குத் துணிக்கட்டு ஏற்றிய கார் அது. நளீமும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். காரின் நிறம் ஒரு காலத்தில் பச்சையாக இருந்ததாக அவன் சத்தியம் செய்வான்.

அந்த வருடம் தொரைமாரின் கிளப் ஒரு கார் ரேலி நடத்தியது. ஆஸ்பத்திரியில் சின்னப் பிள்ளைகளின் வார்ட்டுக்குக் கட்டில் வாங்க நிதி. பதுளையில் புறப்பட்டு லுணுகலை, பிபிலை, அம்பாறை வழியாகப் பொத்துவில் கடற்கரை. இராத் தங்கல் அங்கே. மறுநாள் மொனராகலை, வெல்லவாய, எல்ல ஏற்றம் வழியாகப் பொழுது சாய்வதற்குள் கிளப் மைதானத்துக்குத் திரும்பிவிட வேண்டும். நேரத்துக்குள் வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பித்தளைத் தகடு. அதோடு, ஓட்டியவரின் பேரை லவுட்ஸ்பீக்கரில் டவுன் முழுக்கக் கேட்கச் சொல்வார்கள். ரேலிக்கு வேண்டிய கொடித்துணியையெல்லாம் நளீமின் வாப்பாதான் இனாமாகக் கொடுத்தார். அதனால் எங்கள் வண்டியை வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை.

"எனக்கு லைசன் ஈக்கி மச்சான், தைரியம்தான் இல்ல" என்றான் நளீம். உண்மைதான். வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற டிரைவர் அவன். அதனால் ராசுவைக் கேட்டோம்.

ராசு எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசைவீட்டில், நாலாவது காம்பராக்காரன். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டம். ஃபெக்டரித் தேயிலையை லொறியில் பதுளை ரயில்வே ஸ்டேஷனுக்கு இறக்குகிறவன். மூடுபனியில் எதிரே கை தெரியாத நாளிலும் ஹார்ன் எதிரொலிப்பதை வைத்தே வளைவு திரும்புவான். ஆனால் அந்த மாதம் அவனுக்கு லொறி இல்லை. இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி குடும்பத்துக்கு இந்தியாப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. கப்பல் ஏற வேண்டிய நாளும் குறித்தாகிவிட்டது. அவன் பிறந்தது அந்த நாலாவது காம்பராவில், அவனுடைய அப்பா சின்னையா பிறந்ததும் அதற்கு மேல்லயத்தில். ஆனாலும் "உங்க ஊருக்குப் போறீங்களாமே" என்று எல்லாரும் கேட்டார்கள். தோட்டத்திலும் அவன் பேரை வெட்டிவிட்டார்கள்.

பேர் வெட்டுவது என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். விடிவதற்குள் பெரட்டுக் களத்தில் எல்லாரும் கூடி நிற்போம். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். "இருக்கேங்க" என்று குரல் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. ராசு பழக்க தோஷத்தில் மறுநாளும் போய் நின்றிருக்கிறான். கணக்கப்பிள்ளை அவனுக்கு முந்தின பேரைக் கூப்பிட்டார், பிந்தின பேரைக் கூப்பிட்டார். அவன் பேர் இருந்த இடத்தில் மூச்சு விடக்கூட நிறுத்தவில்லை.

"வாத்தியாரே," என்றான் ராசு. நான் வாத்தியார் வேலைக்கு அப்போதுதான் மனுப் போட்டிருந்தேன்; அவனைப் பொறுத்தவரை போட்டதுமே வாத்தியார். "மைக்குல பேர் கூப்பிடுவாங்கங்கிறது நெசமா?"

"நெசந்தான்."

"அப்ப நான் ஓட்டுறேன். போறதுக்கு முன்னால ஒரு தடவ என் பேர சத்தமா கேட்டுட்டுப் போறேன். அப்பாவையும் வந்து நிக்கச் சொல்றேன்."

புறப்பட்ட அன்று வழி சொல்லும் உத்தியோகம் எனக்கு. கையில் பள்ளிக்கூட அட்லஸிலிருந்து கிழித்த ஒரு வரைபடம். அதில் ஊவா மாகாணமே ஒரு வெற்றிலை அளவு. கட்டைவிரலை வைத்தால் பிபிலை காணாமல் போகும். நான் ரொம்பத் தீவிரமாக "இன்னும் கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் ஆறு வரும்" என்பேன். வலது பக்கம் மலை வரும். ராசு "வாத்தியார் சொன்ன ஆறு காஞ்சிருச்சு போல" என்பான். பின் சீட்டில் துணிமூட்டை மாதிரி மடங்கிக் கிடந்த நளீம், காரே குலுங்குகிற மாதிரி சிரிப்பான்.

லுணுகலைக்கு இந்தப்பக்கம், இரண்டு பக்கமும் தேயிலை. எங்களுக்கு முன்னால் வண்டியே இல்லை. பெரிய வண்டிகளெல்லாம் மெதுவாகக் காலைச் சாப்பாடு முடித்துக் கிளம்பியிருந்தன. எங்களுக்கு அப்படியொரு சந்தோஷம். அப்போதுதான் பின்னால் அந்த ஹார்ன்.

எங்கள் பெரிய தொரையின் ஹார்ன். அதை எங்கள் தோட்டத்தில் நாய்கூட அடையாளம் காணும்.

ராசு ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தான். கார் கானில் இறங்கியது. எஞ்சினை நிறுத்தினான். கதவைத் திறந்து இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எல்லாம் ஒரே மூச்சில். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நானும் இறங்கி நின்றேன். வரைபடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு! தொரையின் நீளமான கறுப்புக் கார் எங்களைத் தாண்டியது. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் எழுந்தது.

புழுதி அடங்கியதும் பின் சீட்டிலிருந்து நளீமின் குரல் கேட்டது.

"அல்லாஹ்வே! டேய், நீங்க ரெண்டு பேரும் போட்டியில ஓடுறீங்கடா! எதுக்குடா எறங்கினீங்க?"

ராசு குனிந்தான். தன் காலைப் பார்த்தான். முகம் ஒரு மாதிரி கறுத்துப்போனது. முன் சக்கரம் கானில் ஆழமாக உட்கார்ந்திருந்தது. இரண்டு பேர் தள்ளியும் அசையவில்லை.

மேலே மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள். கூடையைத் தலையிலிருந்து கழற்றி வைத்துவிட்டு இறங்கி வந்தார்கள். அவர்களில் ஒரு அக்கா, மாரியாயி என்று கூப்பிட்டார்கள், இடுப்பில் கை வைத்து ராசுவை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன்டா தம்பி, கார்ல போனாலும் கானுதானா? அப்ப கார் எதுக்கு? நடந்தே போயி எறங்கி நிக்கலாமே!"

மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே புடவையை இழுத்துச் சொருகி, நாலு பக்கமும் பிடித்து, "ஏலேலோ" என்று அந்தக் குட்டிக் காரை அப்படியே தூக்கி ரோட்டில் வைத்தார்கள். நளீம் உள்ளேதான் இருந்தான். அவனையும் சேர்த்து.

"இனிமே எறங்காத" என்றாள் மாரியாயி அக்கா. இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

பிபிலைக்கு அப்பால் காட்டில் யானை லத்தியைச் சுற்றி ஓட்டியதும், அம்பாறை வெயிலில் காரின் கூரையில் நளீம் ரொட்டியைச் சூடாக்கப் பார்த்ததும் தனிக்கதை. பொத்துவிலில் ராசு முதல்தடவையாகக் கடலைப் பார்த்தான். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான்.

"இதுலதான் அனுப்புவாங்களா?"

"இது வேற பக்கம். நீ போறது மன்னார்ப் பக்கம்" என்றேன், அட்லஸ் ஞானத்தோடு.

"எல்லாம் ஒரே தண்ணிதானே வாத்தியாரே" என்று சொல்லி, வந்த அலையைக் காலால் ஓங்கி உதைத்தான். அலை திரும்பி வந்து அவனை உட்கார வைத்தது. எழுந்து மறுபடி உதைத்தான்.

மறுநாள் எல்ல ஏற்றத்தில் எங்கள் கார் கொதித்தது. அருவிச் சத்தம் கேட்கிறது, ஆனால் தண்ணீரோ எட்டாத பள்ளத்தில். மூடியைத் திறந்தால் ஆவி சீறுகிறது. கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்து, பிளாஸ்கில் மிச்சமிருந்த தேத்தண்ணியை ராசு ரேடியேட்டரில் ஊற்றினான்.

"தோட்டத்தான் ஓட்டுற வண்டி. வேற என்னா குடிக்கும்?"

தேயிலை வாசனையோடு ஏறினோம். பெரிய தொரை வெல்லவாயவில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் எழுந்திருக்க நேரமாகியிருக்க வேண்டும். ஹாலிஎல தாண்டியபோதுதான் கறுப்புக் கார் பின்னால் தெரிந்தது. சந்தை முடிந்த கூட்டம். அவரால் எங்களைத் தாண்ட முடியவில்லை. பொழுது இன்னும் சாயவில்லை. கிளப் கேட்டுக்குள் எங்கள் கார் மூக்கை நுழைத்தபோது வேலிக்கு வெளியே சின்னையா நிற்பதைப் பார்த்தேன். வெளுத்த வேட்டி, கோட்டு. தலைத்துண்டைக் கையில் சுருட்டி வைத்திருந்தார்.

கேட்டருகே மேசை போட்டிருந்த கிளப் செக்ரட்டரி, காரைப் பார்த்ததும் மைக்கை எடுத்து நளீமின் பேரைச் சொன்னார்.

நளீம் பின் சீட்டிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினான். "நான் தூங்கிக்கிட்டு வந்த ஆள் சார். ஓட்டினவன் பேரச் சொல்லுங்க."

"காருக்குச் சொந்தக்காரர் பேர்தான் சொல்றது. டிரைவர் பேர் சொல்ற வழக்கம் இல்லை. உள்ளே போங்க."

மற்ற வண்டிகளையெல்லாம் சொந்தக்காரர்களே ஓட்டினார்கள். அவர்களுடைய டிரைவர்மார் பின் சீட்டில் சாமான் காவல். அதனால் இப்படி ஒரு கேள்வி அங்கே எழுந்ததே இல்லை. நான் இறங்கி மேசைக்குப் போனேன். வழியெல்லாம் இங்கிலீசில் ஒரு அருமையான வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். மேசைக்கு வந்ததும் அது மறந்துவிட்டது. தமிழிலேயே சொன்னேன்: "ரெண்டு நாளும் ஓட்டினது ராசு. அவன் பேரைச் சொல்லுங்கள்."

செக்ரட்டரி என்னைத் தாண்டிப் பார்த்தார். பின்னால் அந்த ஹார்ன்.

ராசு எஞ்சினை நிறுத்தினான். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். கதவைத் திறக்கவில்லை. குட்டிக் கார் கேட்டின் நட்டநடுவில் நின்றது. ஹார்ன் திரும்பத் திரும்ப அடித்தது. ராசுவின் கால் கதவுப் பக்கம் இழுப்பது எனக்கு ஜன்னல் வழியே தெரிந்தது. அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பெரிய தொரையே இறங்கி வந்தார். தொரைமார் தமிழ் பேசுவார்கள், வேலை ஏவுகிற அளவுக்கு.

"ஏய்! வண்டி எடு! ஒதுங்கு!"

"ஒதுங்க மாட்டேங்க" என்றான் ராசு. "பேர் சொன்னா எடுக்கிறேங்க."

கறுப்புக் காருக்குப் பின்னால் இன்னும் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. தொரை குனிந்து ராசுவின் முகத்தைப் பார்த்தார். அவருடைய தேயிலையை எத்தனையோ மழையில் ஸ்டேஷனுக்கு இறக்கியவன் முகம்.

"என்னா பேர்?" என்று கேட்டார்.

தெரியாது! அவருக்குத் தெரியாது. எனக்கு இன்றைக்கும் அந்தக் கேள்வியை நினைத்தால் காது சூடாகிறது.

"ராசு. சின்னையா மகன்."

தொரை கையை எரிச்சலோடு ஆட்டினார். "சொல்லித் தொலை" என்கிற அர்த்தம் அதில் இருந்தது. அர்த்தம் என்னவாக இருந்தால் என்ன? செக்ரட்டரி மைக்கை எடுத்தார். கிளப் மைதானத்தைத் தாண்டி, பஜாரைத் தாண்டி, எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது: "டிரைவர், ராசு, சின்னையா மகன்."

"இருக்கேன்!" என்று கத்தினான் ராசு.

வேலிக்கு வெளியே சின்னையா கையிலிருந்த துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். தொரைக்கு முன்னாலேயே.

பிறகு ராசு சாவியைப் போட்டு, அவசரமே படாமல், கேட்டின் நடுவாக உள்ளே ஓட்டிப் போனான்.

தகட்டை நளீம் காரில் மாட்டவே இல்லை. ராசுவின் டிரங்குப் பெட்டியில் போட்டு அனுப்பினான். அடுத்த மாதம் தலைமன்னாருக்கு ரயில் ஏற்றினோம். நீலகிரிப் பக்கம் தேயிலைக்கே போனதாகக் கேள்வி. அதற்குமேல் சேதி இல்லை.

இப்போது கிளப் கேட் இருந்த இடத்தில் டைல்ஸ் கடை. குட்டிக் கார் துணிக்கடைக்குப் பின்னால் பல வருடம் நின்று, அதற்குள் கோழி முட்டையிட்டு, கடைசியில் இரும்புக்குப் போனது. நளீமுக்குக் காது மந்தம். போனில் பேசினால் எல்லாவற்றுக்கும் சிரிக்கிறான். நாலாவது காம்பராவுக்குக் கூரை இல்லை, பெரட்டுக் களத்தில் வேன் நிறுத்துகிறார்கள், கானைக்கூட மூடிவிட்டார்கள். ஹார்ன் மட்டும் போகவில்லை.

நேற்று அதே ரோட்டில் தனியாக நடந்தேன். ஓரமாகத்தான் நடந்தேன், ரோட்டுக்குள். பின்னால் அடித்தார்கள். இடது கால் இழுத்தது. "ராசு, சின்னையா மகன்" என்று அதனிடம் சொன்னேன்.

கால் ரோட்டிலேயே நின்றது. வேன்தான் சுற்றிக்கொண்டு போனது.