டிரைவர் கண்ணாடி போட்டால்

கல்யாணமாகி ஒன்பதாம் வருஷம், என் வீட்டுக்காரர் என்னை நட்ட நடு ரோட்டில் விட்டுவிட்டுப் போனார். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே விட்டுவிட்டுப் போனார். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். அங்கிருந்து மதுரைக்கு ஓடும் தனியார் பஸ்ஸில் அவர் டிரைவர். தினமும் சாயங்காலம் அந்த பஸ்ஸில்தான் வீடு திரும்புவேன். அன்று பச்சைச் சேலையில், வழக்கமான ஸ்டாப்புக்கு முன்னாலேயே ரோட்டோரம் நின்று கையைக் காட்டினேன். பஸ் என் மீது புழுதியை இறைத்துவிட்டுப் போயே போய்விட்டது.

சட்டைக்குப் பட்டன் தைக்கவில்லை என்று காலையில் ஒரு சண்டை நடந்திருந்தது. அதற்குத்தான் இந்தப் பழிவாங்கல் என்று முடிவு கட்டினேன். அடுத்த வண்டி பிடித்து வீடு வந்து சேர்ந்ததும் வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். மனுஷன் தட்டிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னார்:

"பச்சையா ஏதோ தெரிஞ்சுச்சு. செடின்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் தினமும் ஐம்பது பேர் உட்கார்ந்து வருகிறார்கள் என்பது உறைத்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

பிறகு எல்லாவற்றையும் கொட்டினார். இரண்டு வருஷமாகவே தூரத்தில் இருப்பது மங்கலாம். லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் சோதனைக்குப் போகும்போது, சோதனை முடிந்து வெளியே வரும் டிரைவர் உள்ளே போகிறவருக்கு அட்டையில் உள்ள எழுத்துகளை வரிசையாகச் சொல்லிவிடுவாராம். அதை மனப்பாடம் பண்ணி ஒப்பித்துவிட்டு வந்திருக்கிறார். கண்ணாடி போட்டால் என்ன என்றேன். கண்ணாடி போட்ட டிரைவர் வண்டியில் எவன் ஏறுவான், ஓனர் அன்றைக்கே சாவியைப் பிடுங்கிவிடுவார் என்றார். எங்கள் பக்கத்தில் அப்போது அப்படித்தான். கண்ணாடி போட்ட வாத்தியாருக்கு மரியாதை, கண்ணாடி போட்ட டிரைவரென்றால் பயம்.

மறுநாள் வயிற்றுவலி என்று சொல்லி லீவு போடவைத்து, கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அங்கே நாற்காலியில் உட்கார்ந்ததும் மனுஷன் இங்கிலீஷ் எழுத்துகளை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். டாக்டர் முடியும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, எதிரே மாட்டியிருப்பது தமிழ் எழுத்து அட்டை என்றார். மானம் போயிற்று. கிட்டப்பார்வை, பவரும் கொஞ்சநஞ்சமில்லை.

கண்ணாடிக் கடையில்தான் நான் தப்புச் செய்தேன். இவர் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். பவர் கண்ணாடியையே கறுப்பாகப் போட்டுக்கொண்டால் பார்க்கிறவன் கூலிங் கிளாஸ் என்றுதானே நினைப்பான்? கடைக்கார பாய், பொழுது சாய்ந்த பிறகு வண்டி ஓட்டுகிறவருக்கு இது ஆகவே ஆகாது என்றார். பகல் டூட்டி மட்டும்தான் என்று இவர் புளுகினார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கண்ணாடியில் அவர் அம்புட்டு அழகாக இருந்தார். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு மாதம் ராஜா மாதிரி ஓட்டினார். யானைமலை மேல் ஏறுகிற ஆள்கூடத் தெரிகிறது என்று சின்னப்பிள்ளைபோலச் சொல்வார். மாப்ள மாப்ள என்று கண்டக்டர் கேலி செய்ததிலும் அவருக்குப் பெருமைதான்.

கார்த்திகை பிறந்தது. மதுரைக்குத் திரும்பும் சாயங்கால டிரிப்பில் மேலூர் தாண்டும்போதே பொழுது மசங்கிவிடும். அன்று மேகமும் மூட்டம் போட்டிருந்தது. முன்சீட்டில் இருந்த நான் அவரையே பார்த்துக்கொண்டு வந்தேன். கண்ணாடியைக் கழற்றுகிறார், மாட்டுகிறார், மறுபடி கழற்றுகிறார். முன்னால் லாந்தர் இல்லாமல் ஒரு மாட்டுவண்டி போனது எனக்கே தெரிந்தது. கத்தினேன். பஸ் கிறீச்சிட்டு நின்றபோது வண்டிக்கும் எங்களுக்கும் ஒரு முழம்தான் இருந்தது.

அவர் இன்ஜினை அணைத்தார். எழுந்து எங்கள் பக்கம் திரும்பினார்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. இதுக்கு மேல ஓட்ட மாட்டேன். பின்னால வர்ற வண்டியில ஏறிக்கங்க."

திட்டாதவர்கள் பாக்கி இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேலை போகப் போகிறதே என்ற பயம் ஒரு பக்கம். அந்த நிமிஷம் அவர்மேல் வந்த மதிப்பு, தாலி கட்டிய நாளில்கூட வந்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஓனர் குதித்தார். இருபது வருஷத்து டிரைவர் என்பதால் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தார். வெள்ளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரட்டும், ஜனங்கள் ஏறினால் வேலை, ஏறாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டியது. கடைக்கார பாய் இரண்டே நாளில் புதுக் கண்ணாடி செய்து தந்தார். தரும்போது அவரைவிட என்னைத்தான் அதிகம் திட்டினார்.

மதுரை பஸ் ஸ்டாண்டில் காலை முதல் டிரிப். நான் ஏறி உட்கார்ந்திருந்தேன். மற்ற சீட்டெல்லாம் காலி. வந்தவர்கள் டிரைவர் முகத்தை எட்டிப் பார்த்தார்கள், கண்ணாடியைப் பார்த்தார்கள், ஒதுங்கி நின்று குசுகுசுத்தார்கள். கடைசியில் வெற்றிலைக் கூடையோடு ஒரு அம்மா படியில் ஒரு காலை வைத்தபடி கேட்டாள்.

"ஏப்பா, கண்ணாடி போட்டிருக்கியே, ரோடு தெரியுமா?"

தெரியும் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். வெளியே நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்:

"இப்பத்தான்க்கா தெரியுது. ரெண்டு வருசமாத் தெரியாமத்தான் உங்களையெல்லாம் ஏத்திட்டுப் போனேன்."

போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு கூடை படியில் இடிக்கிற சத்தம் கேட்டது.

"அப்படின்னா கழட்டாம ஓட்டு" என்று சொல்லிவிட்டு, அவர் சீட்டுக்கு நேர் பின்னால் வந்து உட்கார்ந்தாள். வெளியே நின்றவர்கள் ஒவ்வொருவராக ஏற ஆரம்பித்தார்கள்.