ரம்பப் பிடி வைத்த மீன் கத்தி

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. காரைக்காலில் லேத் பட்டறை போட்டு முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. படகு இன்ஜினில் தண்டு வளைந்தாலும் சரி, திருநள்ளாறு லாட்ஜில் தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தாலும் சரி, கடைசியில் என்னிடம்தான் வந்தாக வேண்டும். படித்த இன்ஜினியர்கள் வரைபடத்தை விரித்து வைத்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் வேலையை முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்ட என்னை ஒரு மீன் கத்தி இரண்டு வாரம் ஆட்டி வைத்தது. நான் செய்த வேலைகளிலேயே பெரியது எது என்று யாராவது கேட்டால், அந்தக் கத்தியைத்தான் சொல்வேன்.

மீன் மார்க்கெட் வாசலில் ஓர் அம்மா உட்கார்ந்து மீன் வெட்டிக் கொடுப்பார். திருமலைராயன்பட்டினத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். உள்ளே மீன் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் அவரிடம் கொடுத்தால் செதில் சுரண்டி, குடல் எடுத்து, துண்டு போட்டுத் தருவார். என் மனைவி இருபது வருஷமாக அவரிடம்தான் வெட்டி வாங்குகிறாள். ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்கு அவரைப் பட்டறைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

“இவங்க கையப் பாருங்க” என்றாள்.

பார்த்தேன். விரல் மூட்டெல்லாம் இலந்தைப் பழம் மாதிரி வீங்கியிருந்தது.

“வாதம்னு டாக்டரு சொல்லிட்டாருண்ணே. மாத்திர சாப்புடுறேன். ஆனா கத்தியப் புடிச்சா முட்டிக்கு முட்டி ஊசி குத்துது. வர்ற மாசம் மொத ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். முடியலன்னா வாசல் எடத்த மார்க்கெட்டுக்குள்ள ஒக்காந்து வெட்டுற பொண்ணுக்கு விட்டுட்டு வீட்டுல கெடக்க வேண்டியதுதான்.”

“கெடந்தா என்ன தங்கச்சி? புள்ளதான் வெளிநாட்டுல இருக்கானே.”

“அவன் சம்பாதிக்கிறது அவனுக்கு. நான் வீட்டுல செவுத்தப் பாத்துக்கிட்டு ஒக்காரவா? எனக்கு அந்த வாசல்தாண்ணே எல்லாம்.”

எனக்கு உடனே வேகம் வந்துவிட்டது. “மூணு நாள் டைம் குடுங்க. நீங்க இன்னும் இருவது வருஷம் வெட்டுறீங்க” என்றேன். ஓட்டை அடைக்கிற புட்டி மாவை உருட்டி அவர் கையில் கொடுத்து இறுக்கச் சொன்னேன். விரல் பதிந்த அந்த அச்சைப் பார்த்து, பழைய பிடியைவிட மூன்று மடங்கு தடிமனாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயில் பிடி கடைந்தேன். பாலிஷ் போட்டதில் முகம் தெரிந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் வந்து பிடித்துப் பார்த்த அந்த அம்மா, “பூ மாதிரி இருக்குண்ணே” என்றார். கோவில்பத்து டீக்கடை வரைக்கும் போய் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை மனைவி கூடையோடு வந்தாள்.

“உங்க கத்தி தரையில கெடக்கு. ரெண்டு தடவ வழுக்கி விழுந்துச்சு. முகம் பாக்கத்தான் ஒதவும்னு மார்க்கெட்டே சிரிக்குது.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. அடுத்த நாள் விடிந்தும் விடியாமலும் மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே நான் பார்த்த கை, சாயங்காலம் பட்டறையில் பார்த்த கையே இல்லை. விரல்கள் பாதிகூட மடங்கவில்லை. டீக்கடையில் வெந்நீர் வாங்கி அதில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீனோடு வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே இருக்கும் பெண்ணிடம் போனார்கள்.

“காலையில இப்புடித்தாண்ணே. பத்து மணிக்கு மேல கொஞ்சம் எளகும்.”

“இத ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலையே.”

நியாயம்தானே! சூடான இரும்பை ஆறவிட்டுத்தான் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு தப்பும் என்று ஊருக்கே சொல்கிறவன் நான். கைக்கும் நேரம் பார்த்து அளவெடுக்க வேண்டும் என்று இந்த மண்டைக்குத் தோன்றவில்லை. மீன் வெட்டுவது காலை ஆறு மணிக்கு. நான் அளவெடுத்தது சாயங்காலம் நாலு மணிக்கு.

மறுநாள் வீட்டிலிருந்து சப்பாத்தி மாவை டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு போனேன். “அண்ணனுக்கு மீன் கொழம்புக்கு இங்கயே சப்பாத்தி போட்டுக் குடுங்கடி” என்று உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள். சிரிக்கட்டும். மாவை அவர் கையில் வைத்து, முடிந்த வரைக்கும் மட்டும் மூடச் சொன்னேன். அரைக் கை அச்சு கிடைத்தது. வெட்டவும் சொல்லிப் பார்த்தேன். வலி விரலில் மட்டும் இல்லை. கத்தியை அழுத்தும்போது மணிக்கட்டு பக்கவாட்டில் வளைகிறது, அங்கேதான் உயிர் போகிறது.

பட்டறைக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தேன். வழியில் ஓர் ஆசாரி பலகை அறுத்துக்கொண்டிருந்தார். அப்படியே நின்றுவிட்டேன். ரம்பத்தின் பிடி எப்படி இருக்கும்? நெட்டுக்குத்தாக! மணிக்கட்டு வளையவே வளையாது, முழங்கை பலம் நேராக இறங்கும். நடுரோட்டில் கைதட்டினேன். ஆசாரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அன்றைக்குச் சோறுகூட இறங்கவில்லை. கத்தியின் மேலே ரம்பப் பிடி மாதிரி வளையமாக ஒரு மரப் பிடி வைத்தேன். விரல் மூடாவிட்டாலும் கை உள்ளேயே நிற்கும். வழுக்காமலிருக்கப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன். அடுத்தது இடது கை. அந்தக் கையால் மீனை இறுக்கிப் பிடிக்க வேண்டுமே! வெட்டுகிற புளியங்கட்டையில் அடியிலிருந்து மூன்று ஆணி அடித்து முனையை மேலே நீட்டிவிட்டேன். மீனை அதில் குத்தினால் அசையாது.

“மீனுல ஓட்ட விழுந்தா வாங்குறவங்க என் தலையிலயே குத்துவாங்க” என்றார் அந்த அம்மா.

அதுவும் சரிதான். ஆணியைக் கட்டையின் ஓரத்துக்கு மாற்றினேன், மீன் தலை மட்டும் அதில் மாட்டுகிற மாதிரி.

அவர் சொன்ன ஞாயிற்றுக்கிழமை வந்தது. மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. ஆறு மணிக்கு ஒருவர் கை நீள வஞ்சிரத்தோடு வந்து நின்றார். கத்தியைப் பார்த்ததும், “என்னக்கா, மீன் வெட்டப் போறீங்களா, மரம் அறுக்கப் போறீங்களா?” என்றார்.

அந்த அம்மா அன்றைக்கு வெந்நீர்கூட வைத்துக்கொள்ளவில்லை. மீன் தலையை ஆணியில் மாட்டினார், வீங்கிய கையை வளையத்துக்குள் நுழைத்தார், தோளிலிருந்து ஓர் இழுப்பு இழுத்தார். முதல் துண்டு விழுந்தது. இரண்டாவது விழுந்தது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, என் மகள் கல்யாணத்தில்கூட இப்படி அடித்ததில்லை. ஒரே கனத்தில் பதினாலு துண்டு!

“இன்னும் கொஞ்சம் மெலிசா போட்டுருக்கலாம்” என்றார் அந்த ஆள்.

“மெலிசா வேணும்னா அப்பளம் வாங்கு தம்பி” என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா அடுத்த மீனை மாட்டினார்.

அதற்குள் ஆறேழு பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொருவரிடமும், “இது என் கைவேலை, ரம்பப் பிடி, மணிக்கட்டு வளையாது பாருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது, உள்ளே உட்கார்ந்து வெட்டுகிற பெண் எட்டிப் பார்த்தாள்.

“அத்த, அப்ப எடம்?”

“எடமா? நீ உன் எடத்துலயே ஒக்காரு தாயி” என்றார் அந்த அம்மா, நிமிராமலே. பிறகு என் பக்கம் திரும்பினார். “அண்ணே, கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க. மீன் கொண்டு வர்றவங்களுக்கு வழி விடுங்க.”

தள்ளி நின்றேன். நின்ற இடத்திலிருந்தும் சத்தமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.