வெட்டாத காஜா

ஊரில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. எல்லோருக்கும் அவள் கைராசி. அவள் தைத்த உடையைப் போட்டுக்கொண்டு கல்யாணம் செய்த பெண்களில் ஒருத்திகூடக் கண்ணைக் கசக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்ததில்லை என்று ஒரு பேச்சு. அது மெய்யா பொய்யா என்று யாரும் வீடு வீடாகப் போய் விசாரிக்கவில்லை. ஆனால் பேச்சுக்குக் கால் முளைத்துவிட்டது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பெண்கள் அம்மாவையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு துணிப் பொட்டலத்தோடு படியேறி வந்தார்கள்.

மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை, அதுதான் கடை. முன்னறையில் ஆளுயரக் கண்ணாடி, அளவு கொடுக்கிறவர்கள் ஏறி நிற்க ஒரு பலகை, தலையும் கையும் இல்லாத ஒரு துணிப் பொம்மை. பின்னறையில் இரண்டு தையல் மெஷின், துணி வெட்டுகிற மேஜை, ஜன்னலோரம் அண்ணி. அண்ணன் மனைவியான அவளுக்குக் கொக்கி வைப்பதும் மணி கோப்பதும் ஓரம் மடித்துத் தைப்பதும் வேலை. கைராசிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையே என்று கவலைப்படுவதும் அவள் வேலைதான், அதற்கு மட்டும் கூலி கிடையாது.

கைராசிக்கு முப்பத்தாறு வயது. காதலே தெரியாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று முறை காதலித்தாள், மூன்று முறையும் முழு மனசோடு காதலித்தாள். வினை எங்கே வந்தது என்றால், ஒருவனைப் பிடித்துவிட்டால் அவனுக்குத் தன் கையால் ஒரு சட்டை தைத்துக் கொடுக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது.

முதலாமவன் வங்கியில் வேலை பார்த்தான். அதுவரை மூட்டை கட்டின மாதிரி உடுத்திக்கொண்டு திரிந்தவன், அவள் தைத்த நீலச் சட்டையில் ஆளே மாறிப்போனான். பக்கத்து மேஜைப் பெண் அன்றைக்குத்தான் அவனை நிமிர்ந்து பார்த்தாளாம். அந்தக் கல்யாணத்துக்கு மணப்பெண் உடை தைத்தவளும் கைராசிதான். இரண்டாமவர் பாட்டு வாத்தியார். அவள் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போனார், கடல் கடந்து வேலை கிடைத்தது, போனவர் போனவர்தான். மூன்றாமவன் பஸ் டிரைவர். கோடு போட்ட புதுச் சட்டையோடு, எப்போதோ கோபித்துக்கொண்டு போன பழைய காதலி எதிரில் போய் நின்றான். அவள் கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

அந்தப் பெண் கல்யாண உடைக்கு அளவு கொடுக்க வந்தபோது, "அவரோட சட்டையும் நீங்க தைச்சதுதானாமே? அதைப் பாத்துத்தான் நான் இங்க வந்தேன்" என்றாள் சந்தோஷமாக. கைராசி வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்தாள். அதனால் பதில் சொல்லாமல் தப்பித்தாள்.

அழுதாளா என்றால் அழுதாள். ஆனால் மேஜையில் வெள்ளைத் துணி விரித்திருக்கும்போது எத்தனை நேரம் அழ முடியும்? கறை பட்டுவிடும். மூக்கைச் சிந்திவிட்டு வேலையைப் பார்த்தாள். மறு வாரமே பெயர்ப் பலகையில் 'மணப்பெண் உடைகள்' என்று இருந்ததற்குப் பக்கத்தில் 'மட்டும்' என்று ஒரு வார்த்தையை எழுதச் சொன்னாள். இனி ஆம்பளைச் சட்டையைத் தொடுவதில்லை. மற்றபடி அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. கை நிறைய வேலை, ரேடியோவில் பாட்டு, அண்ணி வாய் ஓயாமல் சொல்லும் ஊர்க் கதை. நாள் நன்றாகத்தான் போனது.

இந்த நிம்மதியில் மண்ணைப் போட எதிர்ச்சாரியிலிருந்து ஒருவர் வந்தார். அங்கே பட்டன், நூல், லேஸ் விற்கிற கடை அவருடையது. நாற்பதை நெருங்குகிறவர், தனியாள். நூல் வேண்டுமென்று சொல்லியனுப்பினால் பெட்டியோடு தானே படியேறி வருவார். துணியையும் நூலையும் ஜன்னலோரம் கொண்டுபோய், தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்ப்பார். "லைட் வெளிச்சத்த நம்பக் கூடாதுங்க, அது நிறத்தைப் பத்திப் பொய் சொல்லும்" என்பார். நூல் விஷயத்தில் இத்தனை நேர்மையா என்று கைராசிக்கு ஆச்சரியம். ஒரு நாள் அவர் வராமல் நூலை வேறு யாரிடமோ கொடுத்தனுப்பியபோது, அந்த நூலின் நிறமே அவளுக்குப் பிடிக்கவில்லை. அப்போதுதான் தன் நிலைமை அவளுக்குப் புரிந்தது.

அவரிடம் ஒரே ஒரு குறை, சட்டை. கடையில் ரெடிமேடாக வாங்கியது. தோள் தையல் முழங்கையைத் தேடி இறங்கும், கழுத்துப் பட்டி ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். அவர் வந்து போகும்வரை அவளுக்குக் கை பரபரக்கும். கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பாள்.

ஒரு நாள் அவரே வெளிர்பச்சைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "இதுல எனக்கொரு சட்டை தைச்சுத் தர்றீங்களா?"

"மாட்டேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "போர்டைப் பாத்தேன். தெரிஞ்சவங்களுக்கு ஒண்ணு தைப்பீங்கன்னு நினைச்சேன்."

"தெரிஞ்சவங்களுக்குத்தான் தைக்க மாட்டேன்" என்றாள் அவள். இதை அவர் எப்படிப் புரிந்துகொள்வார் பாவம்?

துணியை மடித்துக்கொண்டே அவர் மெதுவாகச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகணும். எனக்குன்னு ஒரு பொண்ணப் பாத்து வச்சிருக்கா. இந்தச் சட்டையோட வந்தா வாசல்லயே நிறுத்திடுவேன்னு சொல்லிட்டா. போறதா வேண்டாமான்னு எனக்கே தெரியல. சரி, ரெடிமேடே வாங்கிக்கிறேன்."

படியில் அவர் பாதி இறங்கியதும் கைராசி எட்டிப் பார்த்து, "துணியக் குடுத்துட்டுப் போங்க" என்றாள்.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏண்டி, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? இன்னொருத்தியப் பாக்கப் போறவர நீயே சிங்காரிச்சு அனுப்பப் போறியா? தைக்கிறதுதான் தைக்கிற, ஒரு கையக் குட்டையா வச்சுத் தை!"

யோசனை மோசமில்லை. கைராசி உண்மையாகவே முயன்றாள். கையைக் கோணலாக வெட்டலாம் என்று கத்தரியை வைத்தால், கை தானாக நேராகப் போனது. பட்டியைப் பிசகாகத் தைக்கலாம் என்றால், மெஷின் அவளைக் கேட்காமலே கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியது. இத்தனை வருஷம் பழகிய கை, காதலுக்காகக்கூடப் பொய் சொல்ல மறுத்தது. அவருக்கு அவள் அளவே எடுக்கவில்லை, எடுக்கத் தேவையும் இருக்கவில்லை. ஒரு வருஷமாகக் கையைக் கட்டிக்கொண்டு வேறென்ன செய்தாள்?

பட்டன்களை வைத்தாள். காஜாக்களைச் சுற்றித் தைத்தாள். இனி பட்டன் நுழைய ஒவ்வொரு காஜாவுக்கும் நடுவில் பிளேடால் கீற வேண்டியதுதான் பாக்கி. பிளேடை எடுத்தாள், வைத்தாள். நீலச் சட்டையும் பாட்டு வாத்தியாரும் கோடு போட்ட சட்டையும் ஞாபகத்துக்கு வந்தார்கள். சட்டையை அப்படியே பொம்மைக்கு மாட்டிவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வந்தார். கண்ணாடி முன்னால் நின்று, பனியனுக்கு மேலே சட்டையை மாட்டிக்கொண்டார். தோள் தோளில் உட்கார்ந்தது. அவர் கொஞ்ச நேரம் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு பட்டன் போடப் போனார். ஒன்றும் நுழையவில்லை.

"காஜா வெட்டலையே?"

"பிளேடு மழுங்கிடுச்சு."

"என் கடையில புதுசு இருக்கே, எடுத்துட்டு வரட்டுமா?"

"வேண்டாம்."

"அப்ப நாளைக்கு எப்படிங்க போட்டுட்டுப் போறது?"

"போக வேண்டாம்" என்றாள் கைராசி. சொல்லிவிட்டாள். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? "இதுக்கு முன்னாடி மூணு பேருக்குச் சட்டை தைச்சேன். மூணு பேரையும் எனக்குப் பிடிச்சிருந்தது. சட்டை முடிஞ்சுது, ஆளும் போயாச்சு. அதனாலதான் உங்களுக்குத் தைக்க மாட்டேன்னு சொன்னேன். இப்ப தைச்சுட்டேன், ஆனா முடிக்க மாட்டேன். முடிச்சா நீங்களும் போயிடுவீங்க. அதை என்னால தாங்க முடியாது."

பின்னறையில் அண்ணியின் மணி டப்பா கவிழ்ந்து மணிகள் தரையெல்லாம் சிதறி ஓடின.

அவர் சட்டையைக் கழற்றவில்லை. இரண்டு பக்கத்தையும் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, காது மடல் சிவக்க நின்றார். "ஒரு வருஷமா நான் நூல் கொண்டு வர்றேனே, எந்தப் பட்டன் கடைக்காரன் நூலுக்காகப் படியேறி வருவான்? நீங்க சட்டை தைக்க மாட்டேன்னதும், நம்ம மூஞ்சியே பிடிக்கலபோலன்னு நினைச்சுட்டேன்."

"சட்டைதான் பிடிக்கல" என்றாள் அவள்.

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அக்காகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"சட்டை இன்னும் ரெடியாகலன்னு சொல்லுறேன்."

கல்யாணத்துக்கு அவள் தன் உடையைத் தானே தைத்துக்கொண்டாள். அவர் அந்த வெளிர்பச்சைச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டார். மானத்தோடு நிற்க வேண்டுமே என்று அன்று காலையில் கீழேயிருக்கும் காஜாக்களை மட்டும் வெட்டிக் கொடுத்தாள். கழுத்துக் காஜாவைத் தொடவில்லை. அங்கே ஒரு ஊக்கைக் குத்திவிட்டாள்.

வருஷங்கள் ஓடிவிட்டன. சட்டை நைந்து பச்சையா வெள்ளையா என்று தெரியாமல் போய்விட்டது. இன்றைக்கும் விசேஷம் என்றால் அவர் அதைத்தான் மாட்டிக்கொள்கிறார், கழுத்தில் ஊக்கோடு. "பட்டன் விக்கிறவருக்குக் கழுத்துல ஊக்கா?" என்று ஊரே கேலி செய்கிறது. மற்ற நாட்களில் அதே தொளதொள ரெடிமேடுதான். பொறுக்க முடியாமல் எப்போதாவது அவர், "இன்னொரு சட்டை தைச்சுக் குடேன்" என்று கெஞ்சினால், கைராசி மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்கிறாள்:

"முதல்ல இது முடியட்டும்."