குக்கர் வெயிட் போன இடம்

காய்ந்த துணியை மடிப்பது அந்த வீட்டில் லிஃப்ட் மெக்கானிக்கின் வேலை. மனைவி நாள் முழுக்கத் துணியோடு மல்லுக்கட்டுகிறவள். முன்னறையில் தையல் மெஷின் போட்டு, சுற்றுவட்டாரத்தில் பாதி ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைக்கிறாள். மெஷினை விட்டு எழுந்த பிறகும் அவளிடம் துணியை நீட்டினால் வீடு ரெண்டுபடும் என்பதைக் கல்யாணமான புதிதிலேயே கற்றுக்கொண்டவர் மெக்கானிக். அன்றைக்குக் கூடையின் அடியிலிருந்து கறுப்பாக, இழுத்தால் ரப்பர் மாதிரி நீள்கிற ஒன்று கையோடு வந்தது.

"இத எப்படி மடிக்கிறது?"

"மடிக்க வேணாம், சுருட்டி வைங்க. நீச்சல் டிரஸ்."

"யாருக்கு?"

"பக்கத்து வீட்டுக்காரருக்கு."

மாடிப் போர்ஷனிலிருந்து டிவி பார்க்க இறங்கி வந்திருந்த மெக்கானிக்கின் அக்கா, உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் தட்டினாள். "ஆரம்பம் ஆரம்பிச்சிட்டாளா?"

'ஆரம்பம்' என்பது நாத்தனார் அவளுக்குச் சூட்டிய பெயர். சும்மா சூட்டவில்லை. படுக்கையறைப் பீரோவின் மேல் அதற்கான சாட்சியங்கள் வரிசையாக இருந்தன: ஒரு கிடார், படம் வரைகிற பலகை, ஸ்கிப்பிங் கயிறு, மூன்றாம் பாடத்தோடு மூடிய வேற்றுமொழிப் புத்தகம். வீட்டுக்கு யார் வந்தாலும் நாத்தனார் கூட்டிப்போய்க் காட்டுவாள். கிடாரில் வாசிக்கத் தெரிந்த அந்த ஒரே அரைப் பாட்டை வாயாலேயே பாடியும் காட்டுவாள்.

"நீச்சல் கண்ணாடிக்கு இடம் இருக்கும்மா. கிடாருக்கும் கயித்துக்கும் நடுவுல. தொடைச்சு வைக்கட்டுமா?"

"இந்தக் கண்ணாடி பீரோ ஏறாது அண்ணி. அந்தக் கரையைத் தொடாம நான் விடமாட்டேன்."

"கிடார் வாங்கினப்பவும் இதே மூஞ்சிதான் வச்சிருந்தே."

முதலில் எல்லாம் ஜோராக நடந்தது. அலாரத்துக்கு முன்னால் எழுந்தாள். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் தண்ணீரைப் பற்றியே பேசினாள். பிறகு தண்ணீர் குளிர ஆரம்பித்தது. தலைமுடியில் மருந்து நாற்றம் போகவில்லை. கற்றுக்கொடுக்கிற பெண் "மூச்ச வெளிய விடுங்கக்கா" என்று கத்தும்போதெல்லாம் இவள் உள்ளே இழுத்து, குளத்தில் ஒரு டம்ளர் தண்ணீரைக் குறைத்தாள். ஓரத்துக் கம்பியை விட்டுக் கை வரவில்லை. ஒரு காலையில் அலாரத்தை அணைத்துவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. கிடார் பீரோ ஏறியதும் இப்படி ஒரு காலையில்தான்.

தையலில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் மெஷினை விட்டு எழும்போது தையலை ஓரம்வரை முடிக்க மாட்டாள். பாதித் துணியில் ஊசியை இறக்கி அப்படியே விட்டுவிடுவாள். முடித்து வைத்த மெஷின் முன்னால் மறுநாள் உட்கார உடம்பு வணங்காது. பாதியில் நிற்கிற துணியோ போகும்போதும் வரும்போதும் கண்ணை உறுத்தும். அதே மாதிரி நீச்சல் குளத்திலும் எதையாவது குத்தி வைத்துவிட்டு வந்தால் என்ன?

முதலில் துண்டை அங்கே லாக்கரில் விட்டு வந்தாள். வீட்டில் வேறு துண்டு இருந்தது. பலிக்கவில்லை. அடுத்து மெக்கானிக்கின் மூக்குக்கண்ணாடியை விட்டு வந்தாள். பெண்களுக்குக் காலையில் மட்டும்தான் குளம் திறப்பார்கள். மறுநாள் விடிந்தும் விடியாமலும் அவரே வந்து உலுக்கினார்.

"எந்திரி, எந்திரி. பேப்பர் வந்தாச்சு. கண்ணு தெரியல."

"தெரியாம பையோட லாக்கருக்குப் போயிருச்சுங்க."

கண்ணாடி வீடு திரும்பிய அன்றைக்கு டிவி ரிமோட் குளத்தில் தங்கியது. இப்போது எழுப்ப வந்தது நாத்தனார். "போயேம்மா, போயிட்டு வா. நேத்து சீரியல்ல அந்தப் பாவி அவ கழுத்தப் பிடிச்சான், அதோட நிக்குது கதை." கேலி பண்ணிய வாயே அலாரமாகிவிட்டதில் இவளுக்குக் குளிரே தெரியவில்லை. கம்பியிலிருந்து ஒரு கை விட்டது. பிறகு இன்னொரு கையும்.

குக்கர் வெயிட்டில்தான் மாட்டிக்கொண்டாள். திறந்த பாத்திரத்தில் அரிசி குழைந்துகொண்டிருந்ததைப் பார்த்தபடி மெக்கானிக் தாடையைத் தடவினார்.

"லிஃப்ட் ஒரு நாள் நடுவுல நின்னா ரிப்பேர். தினமும் அதே மாடியில நின்னா, எவனோ பட்டனை அமுக்குறான்னு அர்த்தம்."

அன்றைக்குச் சாயங்காலமே ஒரு பையோடு வந்தார். புதுக் கண்ணாடி, புது ரிமோட், புது வெயிட். சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். "இனி நீ போனாலும் போகாட்டியும் இந்த வீடு ஓடும். எப்படி?"

நாத்தனார் ஒரு பழந்துணியோடு படுக்கையறைக்குப் போனாள். பீரோ மேல் தூசி தட்டுகிற சத்தம் கேட்டது.

விடிந்ததும் மனைவி லாக்கரைக் காலி பண்ணத்தான் போனாள். போனவள் தண்ணீரிலும் இறங்கினாள். கம்பியை விட்டாள். கை போட, கால் அடிக்க, ஆழமான நடுப்பகுதிக்கு வந்தபோதும் மூச்சு மிச்சமிருந்தது. அந்தக் கரையின் ஓடுகள் தெரிந்தன.

"வாங்கக்கா! இன்னும் பாதிதான்! வாங்க!"

அவள் பக்கத்தில் மிதந்த தடுப்புக் கயிற்றைப் பிடித்து நின்றாள். பிறகு திரும்பி, வந்த வழியே போனாள்.

"என்னக்கா, மூச்சு போயிருச்சா?"

"இருக்கு."

"அப்புறம் ஏன்?"

"மிச்சப் பாதி நாளைக்கு வேணும்."

வீட்டுக்கு வந்து, லாக்கரிலிருந்த பழைய வெயிட்டைப் புதியதன் பக்கத்தில் வைத்தாள். மெக்கானிக் ஜெயித்துவிட்டதாக நினைத்து நிம்மதியாகத் தூங்கினார்.

பையின் ஜிப் சத்தத்தில்தான் மறுநாள் அவருக்கு விழிப்பு வந்தது. வெளியே தூறல். அவள் தலையை இறுக்கக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்க கிளம்பிட்டே?"

கேட்டபடியே எழுந்தார். பழைய கண்ணாடி இருந்தது. புதுக் கண்ணாடியும் இருந்தது. கூடத்துக்கு ஓடி ரிமோட்டைப் பார்த்தார், சமையலறையில் இரண்டு வெயிட்டையும் தொட்டுப் பார்த்தார். திரும்பி வரும்போது சந்தேகம் தட்டி, ஜன்னலோர டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். அவருடைய மேல்வரிசைப் பல்செட் தண்ணீரில் பத்திரமாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

அதுதான் அவரை நிஜமாகவே கலக்கியது.

"எல்லாம் இங்கதானே இருக்கு? அப்ப எதைக் கொண்டுபோய் வச்சிருக்கே? ஏய், சொல்லிட்டுப் போ. என்னத்தக் காணோம்?"

அவள் நீச்சல் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அறையைவிட்டு வெளியே போனாள்.