வெள்ளைக் கொலர் போட்ட ஐயா

சோலோதுர்ன் நகரத்து அருங்காட்சியகத்துக்குள் மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன். உள்ளே போகக் காசு வேண்டாம்தானே என்று வாசலில் இரண்டு தரம் கேட்டும் மனம் அடங்கவில்லை.

கடைசி அறையில் பழைய எண்ணெய் ஓவியம் ஒன்று தொங்குகிறது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு கிழவர் என்னைப் பார்க்கிறார். கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வெள்ளைக் கொலர், தண்ணீர் கட்டிய கண்கள், ஒரு பக்கம் கோணிய மூக்கு. என்னைப் பெற்ற ஐயாவின் மூக்கு.

"அங்கிள், கிட்டப் போகாதேங்கோ, அலாரம் அடிக்கும்," என்கிறாள் காவலுக்கு நிற்கும் பெண். புலம்பெயர்ந்த இந்த நாட்டிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை. பதறிப் பின்வாங்குகிறேன்.

"என்ன, சொந்தக்காரரோ?" என்று சிரிக்கிறாள்.

"என்ர ஐயா மாதிரிக் கிடக்கு, பிள்ளை. அவற்ர படமெல்லாம் ஊரில நடந்த சண்டைக்குள்ள வீட்டோட எரிஞ்சு போச்சு. திவசத்துக்கு வெறும் விளக்கைத்தான் வைக்கிறன். இவரை ஒரு படம் எடுக்கலாமோ?"

"ஓம், எடுங்கோ. ஃபிளாஷ் மட்டும் போடாதேங்கோ. படத்தில கொலரை வெட்டிவிட்டால் ஆருக்குத் தெரியப் போகுது?"

கைபேசியை உயர்த்துகிறேன். ஐயாவின் முகம் இப்போது எனக்குள்ளே மட்டும்தான் இருக்கிறது. இவரைக் கொண்டுபோய் விளக்குக்கு முன்னால் வைத்தால், அந்த முகம் எங்கே போகும்? எடுக்காமலே கைபேசியைப் பைக்குள் வைக்கிறேன்.

"ஏன் அங்கிள்?"

"வேண்டாம் பிள்ளை. நான் வாறன்."

நான் குடியிருக்கும் பாடனுக்குத் திரும்பும் ரயிலில் கண்ணை மூடி ஐயாவைத் தேடுகிறேன். ஆயுள் முழுக்க வேட்டியும் வெறும் மேலுமாகத் திரிந்த மனிதர், வெள்ளைக் கொலரோடு வருகிறார்.